அந்தாண்டக் கரை

பறைச் சத்தம் சட்டென்று நின்றதும், தெருமுனையில் கூடியிருந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். சவம் இடுகாடு போய்ச் சேரும் நேரம் இன்னும் ஆகவில்லை. ஊரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரைப் புளியந்தோப்பு வரைக்கும் போக வேண்டும். அதுவரை பறை ஓயாது.

“ஏன் நின்னுபோச்சு?” என்றாள் பச்சையம்மாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. புருஷன் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவள் வாய் திறக்கவில்லை.

“பாத்துட்டு வரேம்மா” என்று உதயா நடக்கத் தொடங்கினாள்.

“நீ போவக்கூடாது கண்ணு. பொம்பளைங்க இத்தோட திரும்பிடணும்” என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள். உதயா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு நடந்தாள்.

புயல் கரையேறிப் போன பிறகும் மழை விட்டபாடில்லை. சாமந்திப் பூக்கள் சேற்றில் மிதிபட்டு வழியெல்லாம் கிடந்தன. ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் வந்துவிட்டது. சின்ன வயதில் அவள் பார்த்த கொசஸ்தலை, வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். நகரி சந்தைக்குப் போகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாண்டிவிடுவார்கள். இப்போது கரை முட்ட செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தரைப்பாலம் இருந்த இடத்தில், ஓரத்துக் கல்தூண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

பாடையை யாரும் கீழே வைக்கவில்லை. வழியில் தரையில் வைக்கக் கூடாதென்று தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில், காலையிலேயே போய்க் குழி வெட்டி முடித்தவர்கள் மண்வெட்டியை உயர்த்திக் காட்டி ஏதோ கத்தினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை.

சித்தப்பா அண்ணாதுரை ஈர வேட்டியோடு தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார். இறந்துபோன முனிகிருஷ்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை, உதயா ஒரே பெண். ஆகவே காரியம் செய்ய வேண்டியவர் தம்பிதான். உதயாவைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“நீ இன்னாத்துக்கு இங்க வந்த?”

“பறை நின்னுபோச்சே, அதான் சித்தப்பா.”

“கேட்டு தூக்கிட்டானுங்களாம் மேல. நாம வூட்டாண்டேந்து கெளம்பறப்ப முட்டிக்கால் தண்ணிதான் இருந்தது. பாரு இப்ப.” போனைக் காதில் வைத்திருந்த ஒருவன், “கேட்லு எத்தேசாரண்ட, இன்கா ஒஸ்துந்தண்ட” என்று அந்தப் பக்கம் தெலுங்கில் சொல்வதைத் திருப்பிச் சொன்னான். அணையைத் திறந்துவிட்டார்கள், இன்னும் வரும். “டிராக்டர் வந்துக்கினு கீது. டிரெய்லர்ல ஏத்திக்கினு போய்டலாம். நீ வூட்டுக்குப் போ” என்றார் சித்தப்பா.

உதயா போகவில்லை. பாடை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியபோது அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. யாரோ துணியைச் சரிசெய்தார்கள்.

முந்தாநாள் மாலைதான் அவள் ஜோத்பூரிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து காரில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். கிட்னி இரண்டும் போய்விட்டது, ஆறு மாதத்துக்கு முன்னாலேயே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். உதயா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

“கால் வீங்கினப்பவே சொன்னேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ‘ஆபீசர் அங்க எவ்ளோ பொறுப்புல கீது, இதயெல்லாம் சொல்லி தொந்தரவு குடுக்காத’ன்னு என் வாய அடச்சிட்டாரு.”

ஆபீசர். அவளைத்தான் அப்படிச் சொல்வார். முனிகிருஷ்ணன் பதினெட்டு வயதில் ராணுவத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்தவர். மலைப் பாதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போய், சுபேதாராகி ஓய்வு பெற்றவர். அதே பிரிவில் மகள் அதிகாரியாகச் சேர்ந்து மேஜர் ஆகிவிட்டாள். ராணுவத்தில் சுபேதார் தலை நரைத்தவராக இருந்தாலும், நேற்றுச் சேர்ந்த அதிகாரி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அந்த வழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார் நைனா. அவள் அறைக்குள் வந்தால் நாற்காலியை விட்டு எழுவார். போன் அடித்தால் நின்றுகொண்டுதான் பேசுவார் என்று அம்மா சொல்வாள். “உக்காந்து பேசுங்க நைனா” என்று அவள் கெஞ்சியிருக்கிறாள், கோபித்துக்கொண்டிருக்கிறாள். “சரி சரி” என்பார். அந்தக் குரலே நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

“எப்பிடி கீறீங்க நைனா?”

“நல்லா கீறேன். இங்க எல்லாம் நல்லா கீது.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே கேள்வி, அதே பதில். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். “வலிக்குதா?” என்று கேட்டாள். இல்லையென்று தலையசைத்தார். போர்வைக்குள் அவருடைய இரண்டு குதிகாலும் மெல்ல நகர்ந்து, அட்டென்ஷனில் நிற்பதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் பொழுது விடியும்போது அவர் இல்லை.

டிராக்டர் வந்தது. டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, பாடையை ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் இளவட்டப் பையன்கள் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் சித்தப்பாவின் மகன் தருண், சித்தூரில் என்ஜினீயரிங் படிப்பவன். பெரியப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து மூங்கிலைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். டிராக்டர்காரன் மட்டும் கீழே இறங்கி நின்றுகொண்டு, “நான் ஓட்டமாட்டேன்பா. வேற யாருனா ஓட்டுங்க. வண்டி போனா போவுது” என்றான்.

“நான் ஓட்டறேன்” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். பலமனேர் தனசேகர். நைனாவிடம் பல வருஷம் டிரைவராக இருந்த ஹவில்தார். சேதி தெரிந்து காலையிலேயே பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு மூலையில் நின்றுகொண்டே இருந்தார். காபி கொடுத்தபோதும் உட்காரவில்லை.

சித்தப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “மலையில ஓட்டினவருக்கு இதெல்லாம் ஒரு ஆறா? ஏறுங்க சார்.”

தனசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டர் பக்கம் நடந்தார். உதயா குறுக்கே வந்து நின்றாள். அவர் உடனே மடித்த வேட்டியை இறக்கிவிட்டார்.

“போவ முடியுமா?” என்று கேட்டாள்.

“ஓட்டிடலாம் மேடம்.”

கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது பதில். அவர் தண்ணீரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருஷ சர்வீஸில் இந்தப் பதிலை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். கேட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மேலே இருப்பவருக்கு எது பிடிக்குமோ அது, கேட்பதற்கு முன்பே தயாராகக் கீழே காத்திருக்கும்.

“இந்தாண்ட கொஞ்சம் வாங்கண்ணே” என்று அவரைப் புங்கமரத்துப் பக்கம் கூட்டிப்போனாள். அண்ணே என்றதும் அவர் தடுமாறினார்.

“நான் இங்க மேஜர் இல்ல. செத்துக்கெடக்கறவரோட பொண்ணு. ஒண்ணு கேக்கறேன். உங்க பையன அந்த டிரெய்லர்ல ஏத்துவீங்களா?”

தனசேகர் முதன்முறையாகத் திரும்பி ஆற்றைப் பார்த்தார். ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்து, பாலத்தின்மேல் தட்டி, ஒருமுறை புரண்டு மறைந்தது.

“ஏத்தமாட்டேன்மா” என்றார். “அடியில சிமிட்டி கீதா, அரிச்சிக்கினு பூடுச்சான்னே தெரியல. டிரெய்லரு லேசு. தண்ணி தூக்கிடும்.”

“அப்பறம் ஏண்ணே ஓட்டிடலாம்னீங்க?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நம்ம சுபேதார் சாபும் அப்பிடித்தாம்மா சொன்னாரு” என்றார். “மலையில இருந்தப்ப. ராத்திரியெல்லாம் மழ. காலையில கர்னல் சாப் வந்து ரோடு ஓகேவான்னு கேட்டாரு. அவருக்குப் போயே ஆவணும், மேலேந்து பிரஷர். நம்ம சாப் அவரு மூஞ்சியப் பாத்தாரு. ஓகே சார்ன்னாரு. மொத வண்டி நானு. பின்னாடி வந்த வண்டி, ரோட்டோட கீழ பூடுச்சி. ரெண்டு பேரு. அதுக்கப்பறம் யாரும் அவர ஒண்ணும் கேக்கல. மழ, மண்ணு சரிஞ்சிடுச்சின்னு எழுதிட்டாங்க. அவருதான் ஒரு தரம் எங்கிட்ட சொன்னாரு, ‘தனசேகர், ரோட்டப் பாத்து சொல்லாம மூஞ்சியப் பாத்து சொல்லிட்டேன்டா’ன்னு.”

உதயா ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் நைனா ஒரு தடவை நீண்ட லீவில் வந்திருந்தார். எதற்கும் சிரிக்காமல், யாரோடும் பேசாமல், மாந்தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். மலேரியா என்று அம்மா சொன்னாள். அந்த வருஷமாகத்தான் இருக்க வேண்டும். அத்தனையும் தெரிந்த மனுஷன் தன் காலில் வீக்கம் கண்டபோது மறுபடி அதையேதான் சொன்னார். எல்லாம் நல்லா கீது. யார் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்பதை அவள் மேற்கொண்டு யோசிக்க விரும்பவில்லை.

“சார், நேரம் ஆவுது!” என்று சித்தப்பா கூப்பிட்டார்.

இனி என்ன செய்வது என்று உதயா நின்று யோசித்தாள். டிரெய்லர் முன்னால் போய் நின்று, எல்லோரும் இறங்குங்கள் என்று கத்தலாம். இரண்டு பேர் இறங்குவார்கள், மற்றவர்கள் சித்தப்பாவைப் பார்ப்பார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளை சொல் கேட்டுப் பின்வாங்கினார் என்ற பெயர் வருவதைவிட, சித்தப்பா ஆற்றில் இறங்கிவிடுவார். தனசேகர் பெயரை இழுத்தால் அந்த மனுஷன் தலைகுனிந்து நிற்க வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த உத்தரவைப் போடவே கூடாது.

அவள் சித்தப்பாவிடம் போய், “ஒரு நிமிசம் எங்கூட வா சித்தப்பா” என்று தணிந்த குரலில் கூப்பிட்டாள். கூட்டத்தை விட்டு எட்டி, முதல் கல்தூண் பக்கம் இருவரும் நின்றார்கள். அந்த இரைச்சலில் இவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

“வேணாம் சித்தப்பா.”

“இன்னா வேணாம்?”

“இப்ப அந்தாண்ட போவ வேணாம்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மிலிட்டரியில உத்தரவு போடற மாதிரி இங்க போடறியா? எங்கண்ணன் ஒனக்கு சல்யூட்டு அடிச்சிருக்கலாம். நான் அடிக்கமாட்டேன்.”

சுருக்கென்று தைத்தது. சித்தப்பா விடவில்லை.

“எங்கப்பன் செத்தப்ப இவரு வரல. தந்தி குடுத்தேன், லீவு இல்லன்னாரு. எங்கம்மா செத்தப்ப, எல்லாம் முடிஞ்சி மண்ணு காஞ்சப்பறம் வந்து நின்னாரு. ரெண்டு பேத்தையும் நான்தான் தூக்கினேன், இதே பாலத்து மேல. ரெண்டு பேரும் சாவறப்ப ‘பெரியவன் வந்துட்டானா’ன்னுதான் கேட்டாங்க. பக்கத்துல நான் நின்னுக்கினு கீறேன், என்னக் கேக்கல.” அவர் எதிர்க்கரைப் புளியந்தோப்பைக் காட்டினார். “அதான் இப்பவாவது போய் அவங்க பக்கத்துல படுக்கட்டும். எடம் உட்டு வெச்சிருக்கேன் நடுவுல. நீ வேணாங்கற.”

அவர் சொன்னது நியாயம். தண்ணீர் எந்த அளவில் ஓடினாலும் அது நியாயம்தான்.

“நீ சொல்றது அத்தினியும் நெசம்” என்றாள் உதயா. “இங்க இருந்தது நீதான். அவரு இல்ல, நானும் இல்ல. அதனால நான் உத்தரவு போடல சித்தப்பா, கேக்கறேன். நம்ம நெலத்துல அவர எங்க வெக்கலாம்? நீதான் சொல்லணும். எனக்குத் தெரியாது.”

“ஊரு இன்னா பேசும்?”

“பொண்ணு குறுக்க வந்து காரியத்த கெடுத்துட்டான்னு பேசும். நீயும் அப்பிடியே சொல்லு. லீவு முடிஞ்சா நான் போய்டுவேன். பழிய எங்கூட எடுத்துக்கினு போய்டறேன்.”

சித்தப்பா டிரெய்லர் பக்கம் திரும்பினார். தருண் மூங்கிலை விடாமல் பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மழையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதயா அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் மகனிடமிருந்து கண்ணை எடுத்து, “கள்ளக்கா புடுங்கின மோட்டுக் கொல்ல” என்றார். “அங்கதான் தண்ணி நிக்காது.” அது அவர்களுடைய மேட்டு நிலம், வேர்க்கடலை எடுத்து முடித்திருந்தது.

பிறகு கூட்டத்தைப் பார்த்து நடந்துபோய், உரக்கச் சொன்னார். “வண்டியத் திருப்புங்கடா. மோட்டுக் கொல்லைக்கு ஓட்டு.”

“இன்னா மாமா, திடீர்னு...” என்று ஒருவன் இழுத்தான்.

“அந்தப் பொண்ணு வேணாங்குது. அவ்ளோதான். திருப்பு.”

எதிர்க்கரையில் மண்வெட்டியோடு நின்றவர்கள் டிராக்டர் திரும்புவதைப் பார்த்துக் கைகளைத் தொங்கவிட்டார்கள். பறை மறுபடி ஒலிக்கத் தொடங்கியது, ஆனால் அடி சரியாக விழவில்லை.

கொல்லையில் குழி வெட்ட ஆள் இல்லை. சித்தப்பாவே கடப்பாரையை எடுத்தார். தருணும் மற்றப் பையன்களும் முறைபோட்டு மண்ணை வாரினார்கள். சிவந்த மண்ணோடு பிடுங்காமல் விட்டுப்போன வேர்க்கடலைகள் முளைவிட்டு வந்தன. தனசேகரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். இடுகாடு இல்லை, சொந்த நிலம் என்பதால் பெண்களை யாரும் தடுக்கவில்லை. பச்சையம்மாள் வரப்பின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மண் தள்ளும்போது உதயாவும் மூன்று கை அள்ளிப் போட்டாள். ஈரமண் விரல்களை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டது. உதறித்தான் போட வேண்டியிருந்தது.

திரும்பி வரும் வழியில் தனசேகர் அவளிடம், “வரேன் மேடம்” என்றார். பிறகு ஏதோ நினைத்தவர்போல், “வரேம்மா” என்று மாற்றிச் சொல்லிவிட்டுப் புத்தூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது மழை விட்டிருந்தது. மோட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் ஆறு முழுசாகத் தெரியும். இரவோடு இரவாக அணையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. தண்ணீர் அப்படியே இறங்கி, தரைப்பாலம் கழுவிவிட்டதுபோல் வெளியே கிடந்தது. ஒரு கல்கூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் அதன்மேல் சாவகாசமாகப் போனான்.

“நேத்து ஒரு நாழி பொறுத்துட்டு, அப்பறமா எடுத்துக்கினு போயிருந்தா...” என்று கூட வந்த பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். “பாலம் இன்னா கெட்டுப்போச்சு? நல்லாதான கீது. பெத்தவங்க பக்கத்துல வெச்சிருக்கலாம்.”

உதயா பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று நின்றாள். சொல்லட்டும் என்றுகூட நினைத்தாள். அவர் பாலத்தையும் அதற்கு அப்பால் புளியந்தோப்பையும் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, மழையில் கரைந்திருந்த புதைகுழி மேட்டின் ஓரத்துக்குக் கையாலேயே மண் ஏற்றத் தொடங்கினார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஏற்றிய மண்ணைத் தட்டித் தட்டி நிரவினாள்.

“கல்லு ஒண்ணு நடணும்” என்றார் சித்தப்பா, தலை நிமிராமல். “பேருக்கு முன்னாடி சுபேதார்னு போடணுமில்ல?”

உதயா செம்பைக் கீழே வைத்தாள்.

“வேணாம். வெறும் பேரு போதும் சித்தப்பா.”

அவர் இன்னொரு கை மண் அள்ளி ஓரத்தில் வைத்தார். கீழே, நகரிப் பக்கம் போகிற பால் வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி தரைப்பாலத்தில் இறங்கி ஏறியது. அது அந்தக் கரையில் வளைந்து மறைந்த பிறகும், சிமெண்டின்மேல் இரண்டு ஈரக்கோடுகள் கிடந்தன. வெயில் ஏற ஏற அவை ஓரத்திலிருந்து மெல்லக் காயத் தொடங்கின.